கொள்ளிடத்தின் தரை இறங்கிய கதை

திருவானைக்கோவிலிலிருந்து நம்பர் ஒன் டோல்கேட்டுக்குப் போகிறவர்கள் இன்று புதுப் பாலத்தில் கொள்ளிடத்தைக் கடக்கிறார்கள். 2016ல் அது திறக்கப்படும்வரை பக்கத்திலிருந்த இரும்புப் பாலம்தான் வழி. 1928ல் கட்டிய பாலம் அது. திருச்சிக்காரர்களில் மூன்று தலைமுறை அதன்மேல் போய் வந்திருக்கிறது. வண்டிப் போக்குவரத்து நின்று இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் நடு ஆற்றில் விரிசல் விட்டுச் சாய்ந்தன. மேலே இருந்த இரும்புச் சட்டங்களும் தண்ணீரில் விழுந்தன. அந்தச் செய்தி ஆறுவதற்குள், ஆகஸ்ட் 22ஆம் தேதி இரவு, மேற்கே முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்தின் பக்கம் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. 1836ல் கட்டிய அணை. அப்போது அதற்கு 182 வயது.

ஏன் விழுந்தன என்ற கேள்விக்கு அரசுத் தரப்பு கட்டுமானத்தின் வயதைச் சொன்னது. விவசாயச் சங்கத்தார் ஆற்றில் மணல் அள்ளியதைச் சொன்னார்கள். வயது என்ற பதிலில் பாதி உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயதான கட்டுமானத்துக்குத்தான் காலடி மண் கூடுதலாக வேண்டும். அந்த மண்ணை எடுத்துவிட்டு வயதைக் குறை சொல்வது நியாயமாகப் படவில்லை.

நிலத்துக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்தால் மேலே இருப்பது கீழே இறங்கும் என்பதை நிலக்கரி ஊர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அனுபவித்து வருகின்றன. ஜார்க்கண்டின் ஜரியா, மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் ஆகிய இடங்களில் பூமிக்குள் இருக்கும் கரிப் படுகையைக் குடைந்து எடுக்கிறார்கள். முதலில் கூரையைத் தாங்கக் கரியிலேயே தூண்களை விட்டுவைப்பார்கள். பிறகு அந்தத் தூண்களையும் பின்வாங்கியபடியே வெட்டி எடுப்பார்கள். தாங்கல் போனதும் கூரைப் பாறை உடைந்து விழும். அதற்கு மேலிருக்கும் பாறை வளையும், அந்த வளைவு அடுக்கடுக்காக ஏறி வந்து தரையை எட்டும். தரையில் ஒரு பெரிய, ஆழமற்ற பள்ளம் விழும். வெற்றிடம் சுரங்கத்தின் அளவுதான், ஆனால் மேலே இறங்கும் நிலம் அதைவிட அகலமாக இருக்கும். பள்ளத்தின் ஓரத்தில் நிற்கிற வீடு இழுபட்டுச் சுவர் பிளக்கும். ஏரியின் அடித்தரை வெடித்துத் தண்ணீர் வடிந்துவிடும். ஓடையின் சரிவு மாறி அது வேறு பக்கம் தேங்கும். கரி முழுவதும் எடுத்து அப்படியே விழவிட்டால், எடுத்த தடிமனில் பாதிக்கு மேலேயே தரை இறங்கிவிடும். அங்கே நிலத்தடித் தீயும் சேர்ந்துகொண்டதால் ஊர் ஊராகக் குடிபெயர்க்க 2009ல் மத்திய அரசு பெருந்திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது.

அந்தச் சரிவைத் தடுக்க அவர்கள் கையாண்ட வழி திருச்சிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. தாமோதர் ஆற்றிலிருந்து மணலை அள்ளித் தண்ணீரில் கலந்து, குழாய் வழியே சுரங்கத்துக்குள் செலுத்தி, கரி எடுத்த வெற்றிடத்தை நிரப்பினார்கள். தண்ணீர் வடிந்துவிடும், மணல் இறுகி நிற்கும். 1939ல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. மணல் நிரப்பிய சுரங்கத்தின் மேலே தரை இறங்குவது மிகச் சிறிய அளவாகக் குறைந்தது. ரயில் பாதைக்கும் ஊருக்கும் ஆற்றுக்கும் அடியில் கரி எடுக்க இப்படி நிரப்புவதை நிபந்தனையாக்கினார்கள். நாட்டின் ஒரு மூலையில் நிலத்தைத் தாங்கிப் பிடிக்கப் பயன்பட்ட அதே பொருளைத்தான் நாம் இங்கே பாலத்தின் காலடியிலிருந்து எடுத்தோம்.

திருச்சியில் நிலக்கரி இல்லை. நமக்குப் பக்கத்துச் சுரங்கம் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரியைத் திறந்தவெளியாக வெட்டுகிறார்கள். குழி கண்ணுக்குத் தெரிகிறது, தோண்டிப் போட்ட மேல்மண் மலையாக நிற்கிறது, சுற்றுவட்டாரத்தில் கிணற்று மட்டம் இறங்கினால் எதனால் என்று கேட்க ஒரு முகவரி இருக்கிறது. ஆற்றுக் குவாரியின் கொடுமை வேறு விதம். பத்தடிப் பள்ளம் தோண்டிவிட்டுப் போனாலும் அடுத்த வெள்ளம் வந்து மேலேயும் கீழேயும் இருக்கும் மணலை இழுத்து அந்தப் பள்ளத்தைச் சமமாக்கிவிடும். பார்க்கிறவருக்கு ஆறு பழையபடி தெரியும். ஆனால் பள்ளம் மறையவில்லை, பல கிலோமீட்டருக்குப் பரவியிருக்கிறது. குழி விழுந்த இடத்தில் தண்ணீர் செங்குத்தாக இறங்குவதால் அந்தப் படி அரித்து அரித்து மேற்கே ஏறிக்கொண்டே போகும். குவாரி நடந்தது ஓர் ஊரில், தூண் வெளிப்படுவது இன்னோர் ஊரில். யார்மேல் வழக்குப் போடுவது?

அன்று நிலைமை தலைகீழ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஆற்றைப் பற்றிய பெரிய கவலை மணல் மிகுதிதான். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போகும் கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம், கடலுக்குப் போகும் வழியும் நேரானது. அதனால் தண்ணீர் அந்தப் பக்கமே பாய, தெற்கே தஞ்சைக்குப் போக வேண்டிய காவிரி ஆண்டுதோறும் மணல் மேடிட்டது. ஆட்களை விட்டு மணலை அகற்றியும் தீரவில்லை. வயலுக்குத் தண்ணீர் இல்லாமல் தஞ்சைச் சீமையின் சாகுபடி சுருங்கிக்கொண்டு வந்தது. கேப்டன் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் குறுக்கே எழுப்பியது இதற்காகத்தான். கொள்ளிடத்துக்குப் போகும் நீரைத் தடுத்து, காவிரிக்குத் திருப்பி, அந்த வேகத்திலேயே காவிரி தன் மணலைத் தானே அடித்துச் செல்லட்டும் என்பது அவர் கணக்கு.

கணக்கு பலித்தது, கொஞ்சம் அதிகமாகவே பலித்தது. சில ஆண்டுகளில் காவிரியின் தரை ஆழமாகத் தொடங்கியது. கொள்ளிடம் மேடிட ஆரம்பித்தது. 1840களில் மேலணையின் நடுப்பகுதியைத் தாழ்த்தினார்கள், காவிரியின் தலைப்பிலும் தரை மட்டத்தில் ஒரு குறுக்குச் சுவர் கட்டினார்கள். இரண்டு ஆறுகளின் தரையும் ஒன்றுக்கொன்று எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் அந்தப் பொறியாளர்களின் இடைவிடாத கவலை. ஓரடி இரண்டடி ஏறி இறங்குவதற்கே அணையைத் திருத்தினார்கள் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். அதே ஆற்றில் பின்னாளில் பல அடி இறங்கியபோது எந்த அலுவலகத்திலும் அந்தப் பதற்றம் தெரியவில்லை.

காட்டனுக்குப் பாடம் சொன்னது ஸ்ரீரங்கம் தீவின் கிழக்கு முனையில் இருக்கும் கல்லணை. ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் நிறுத்துவது எப்படி என்பதை அந்த அணையைக் கட்டியவர்களிடம் கற்றுக்கொண்டோம் என்று அவர் எழுதிவைத்தார். பெரிய பெரிய கற்களை மணலில் போட, அவை தம் பாரத்தால் இறங்க, அதன்மேல் மேலும் கற்கள். ஓர் ஆழத்துக்குப் பிறகு இறங்குவது நின்றுவிடும், சுற்றியிருக்கும் மணல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பின்னாளில் மணல் ஆறுகளில் பாலம் கட்டியவர்களும் இதே குணத்தைத்தான் நம்பினார்கள். உறை உறையாகக் கிணறு கட்டி, உள்ளேயிருந்து மணலை வாரி, அதை ஆழத்துக்கு இறக்கி, உள்ளே நிரப்பி, அதன்மேல் தூண் எழுப்புவார்கள். அந்தக் கிணற்றைச் சாயவிடாமல் நிறுத்துவது அதைச் சூழ்ந்திருக்கும் மணலின் பிடி. பத்தடி மணல் போனால் பத்தடிப் பிடி போயிற்று. மேலிருக்கும் பாரமோ அப்படியே இருக்கிறது. வெள்ளம் தூணில் மோதிச் சுழன்று காலடியை இன்னும் பறிக்கும்.

கரையில் வாழ்ந்தவர்களுக்கு மணல் என்பது தண்ணீர். கோடையில் கொள்ளிடம் வற்றிக் கிடக்கும்போது கையால் பறித்தாலே ஊற்றுச் சுரந்ததைப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். மேலே வெயிலில் கால் வைக்க முடியாத மணல், அடியில் ஆறு ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்ரீரங்கம் கோயிலின் வழக்கமும் அதை ஒட்டியே அமைந்திருக்கிறது. ஆண்டின் மற்ற மாதங்களில் பெருமாளுக்குத் திருமஞ்சனத் தீர்த்தம் வடதிருக்காவிரி என்கிற கொள்ளிடத்திலிருந்து வருகிறது. ஐப்பசி மாதத்தில் மட்டும் தெற்கே அம்மா மண்டபத்துக் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில் யானைமேல் வருகிறது. ஆடியில் நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளிக் காவிரிக்குச் சீர் கொடுக்கிறார். ஆறு வறண்ட சில ஆண்டுகளில் அந்தப் படித்துறையில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழாயில் தெளித்துப் பக்தர்களை நீராட வைத்தார்கள். மழை பொய்த்ததும் மேட்டூர் திறக்காததும் அதற்கு முதல் காரணங்கள், மறுக்கவில்லை. ஆனால் மணல் இருந்த ஆறு வறட்சியிலும் அடியில் தண்ணீரை வைத்திருந்தது.

மணல் எங்கிருந்து வந்தது, ஏன் திரும்ப வரவில்லை? ஒவ்வொரு பெருவெள்ளமும் மேற்கு மலைகளிலிருந்து பொடித்த பாறையைக் கொண்டுவந்து போட்டது. 1924ல் வந்த வெள்ளம் இன்னும் ஊர் நினைவில் இருக்கிறது. பத்து ஆண்டுகளில், 1934ல், மேட்டூர் அணை கட்டி முடிந்தது. கர்நாடகத்தில் கிருஷ்ணராஜசாகர், இங்கே பவானிசாகர், அமராவதி என்று ஆறும் கிளையாறும் ஒவ்வொன்றாகத் தடுக்கப்பட்டன. அணைகள் நீரைத் திறந்துவிடுகின்றன, மணலைத் திறப்பதில்லை. அது நீர்த்தேக்கத்தின் அடியிலேயே படிந்துவிடுகிறது. மணலைச் சுமக்காமல் வரும் தண்ணீருக்கு வேகம் மிஞ்சியிருக்கிறது. போகும் வழியில் கிடைக்கிற தரையை அது அரிக்கிறது. ஆகவே குவாரியே இல்லாவிட்டாலும் ஆற்றின் தரை மெல்ல இறங்கியிருக்கும். அந்த ஆற்றிலிருந்துதான், இருப்பு குறைந்துகொண்டிருக்கும்போது, அள்ளும் வேகத்தைப் பல மடங்கு கூட்டினோம்.

பழைய ஸ்ரீரங்கத்து வீடுகள் செங்கல், சுண்ணாம்பு, மரம், ஓடு. காறைக்கும் மணல் வேண்டும்தான், ஆனால் மாட்டுவண்டியில் வந்தது போதும். கான்கிரீட் கூரையும் அடுக்குமாடியும் பெருகியபோது லாரி வந்தது, லாரியை நிரப்ப பொக்லைன் ஆற்றுக்குள் இறங்கியது. காவிரி மணலுக்குத் தனி மதிப்பு. திருச்சி, கரூர்ப் பகுதி மணல் சென்னைக்கும் பக்கத்து மாநிலங்களுக்கும் போயிற்று. தனியார் குத்தகையில் நடந்த முறைகேடுகளைக் கண்டு 2003 அக்டோபரில் அரசே மணல் குவாரியை ஏற்றது, பொதுப்பணித் துறையிடம் ஒப்படைத்தது. விதிகள் நல்ல விதிகள்தாம். பாலம், குடிநீர்க் கிணறு, நீரேற்று நிலையம் இவற்றிலிருந்து 500 மீட்டருக்குள் மணல் எடுக்கக் கூடாது என்று தமிழ்நாட்டுக் கனிம விதி சொல்கிறது. ஆழத்துக்கும் வரம்பு உண்டு. 500 மீட்டர் என்பது பள்ளம் அதே இடத்தில் நிற்கும் என்று நம்பிப் போட்ட வட்டம். ஆறு அந்த வட்டத்தை மதிப்பதில்லை.

அளவு எப்படிப்பட்டது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டோல்கேட் பக்கம் கொள்ளிடம் ஏறத்தாழ 800 மீட்டர் அகலம். அதில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் ஆழம் குறைந்தால் 8 லட்சம் கன மீட்டர் மணல். மணல் வியாபாரத்தில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. அந்த வகையில் சுமார் 2,82,000 யூனிட். மூன்று யூனிட் பிடிக்கும் லாரியில் 94,000 லோடு. முக்கொம்பிலிருந்து கல்லணை வரை தீவின் நீளம் முப்பது கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. வெளிச்சம் வருமுன் வரிசை கட்டி நிற்கும் லாரிகளை ஆண்டுக்கணக்கில் பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் பெரிதாகப் படாது.

இன்று கொள்ளிடத்தில் இறங்கி நடந்தால் பல இடங்களில் மணல் மெல்லிய போர்வைதான். கீழே களி தட்டுப்படுகிறது. சில இடங்களில் பாறை தலைகாட்டுகிறது. நடு ஆற்றில் சீமைக்கருவேலமும் நாணலும் திட்டுத் திட்டாக வேர் பிடித்துவிட்டன. வெள்ளம் வந்தால் அந்தத் திட்டுகளைச் சுற்றிக்கொண்டு ஒரு கரையை மோதுகிறது. பழைய நாளில் அகலமாகப் பரவிப் போன நீர் இன்று ஆழமான சில ஓடைகளில் இறுகிப் பாய்கிறது.

இதில் ஊருக்குள் அதிகம் பேசப்படாத நட்டம் வாய்க்கால்களுடையது. உய்யக்கொண்டான், பெருவளை, புள்ளம்பாடி, அய்யன், நாட்டு வாய்க்கால் என்று இந்த மாவட்டத்தின் வாய்க்கால்கள் எல்லாம் ஆற்றின் பழைய தரை மட்டத்தை நம்பி வெட்டப்பட்டவை. உய்யக்கொண்டான் சோழர் காலத்தது. வாய்க்காலின் தலைப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்கு ஆற்றில் நீர் நின்றால்தான் மதகுக்குள் புகும். அந்தக் காலத்தில் கொஞ்சம் தண்ணீர் வந்தாலே ஏறிப் பாய்ந்தது. தரை இறங்கிய பிறகு, ஆற்றில் கண்முன்னே தண்ணீர் ஓடும், வாய்க்கால் காய்ந்து கிடக்கும். கூடுதலாகத் திறந்துவிட்டால்தான் ஏறும், அவ்வளவு நீருக்கு மேட்டூரில் இருப்பு வேண்டும். குறுக்கே தடுப்பணை கட்டு என்று ஒவ்வொரு ஊரும் கேட்பதற்கு இதுதான் காரணம். எடுத்த மணலுக்கு விலை ஒரு தடவை வந்தது. அந்த மட்டத்தைக் கான்கிரீட்டால் மீட்டுக்கொடுக்கும் செலவு ஒவ்வொரு பத்தாண்டிலும் வரும்.

குடிநீரும் அப்படியே. திருச்சி மாநகரத்துக்குக் கம்பரசம்பேட்டை முதலான இடங்களில் ஆற்றுக்குள்ளேயே கிணறு இறக்கி, பக்கவாட்டில் மணலுக்குள் குழாய்களை நீட்டி நீர் எடுக்கிறார்கள். ராமநாதபுரம் வரை போகும் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் இந்தப் பகுதிக் காவிரியைத்தான் நம்பியிருக்கிறது. அங்கே மணல்தான் வடிகட்டி, மணல்தான் தொட்டி. மணல் மெலிந்தால் வடிகட்டும் தடிமனும் குறைகிறது, கோடையில் குழாய் எட்டும் நீர்மட்டமும் இறங்குகிறது. இங்கே ஆற்றின் தரை ஒரு மீட்டர் இறங்குவதை ராமநாதபுரத்தில் குடம் வைத்திருக்கும் பெண் உணர்கிறாள், அவளுக்குக் காரணம் தெரிய வழியில்லை.

2018 வெள்ளத்துக்குப் பிறகு முக்கொம்பில் பாறாங்கல்லும் மணல் மூட்டையும் கொட்டி உடைப்பை அடைத்தார்கள். அருகிலேயே சில நூறு கோடி ரூபாய்ச் செலவில் புதிய கதவணை எழுந்தது. விழுந்த இரும்புப் பாலத்தை அகற்றினார்கள். புதுப் பாலத்தின் தூண்களைக் காக்க ஆற்றின் குறுக்கே தடுப்புச் சுவர் கட்டினார்கள். 2024 ஆகஸ்டில் மீண்டும் பெருநீர் வந்தது. அந்தச் சுவரில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டது. ஆற்றுக்குள் நின்ற உயரழுத்த மின் கோபுரமும் சாய்ந்தது. ஆறு ஆண்டுகளில் இரண்டாவது தடவை, அதே இடம். இந்தத் தடவை வயதைச் சொல்ல முடியவில்லை, சுவர் புதியது.

இடையில் ஒரு காரியம் நடந்தது, அதைக் குறிப்பிட்டாக வேண்டும். 2023 செப்டம்பரில் அமலாக்கத் துறை தமிழ்நாட்டு மணல் குவாரிகளில் சோதனை போட்டது. ஐஐடி கான்பூரின் வல்லுநர்களைக் கொண்டு பள்ளங்களை அளந்து, அனுமதித்ததைவிடப் பல மடங்கு மணல் எடுக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. திருச்சி உட்பட ஐந்து மாவட்ட ஆட்சியர்களுக்கு அழைப்பாணை போய், அது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2024ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒப்பந்ததாரர்கள் மீதான அந்த நடவடிக்கையை ரத்து செய்தது. சட்டத்தின் வாதங்களுக்குள் நான் போகவில்லை. என்னைத் தொட்டது வேறு. ஆற்றின் தரையைக் கருவி வைத்து இவ்வளவு துல்லியமாக அளக்க முடியும் என்று தெரிந்தது. அதை அளந்தது பணத்தைத் தேடிய துறை, ஆற்றைக் காக்க வேண்டிய துறை அல்ல.

இப்போது கட்டடக்காரர்கள் எம்-சாண்டுக்கு மாறிவிட்டார்கள். அது மலையை உடைத்துப் பொடிப்பது. சுற்றுவட்டாரக் குன்றுகள் அந்தக் கணக்கில் கரைகின்றன, அது தனிக் கட்டுரை. ஆற்றுக்கு ஓய்வு கிடைத்திருக்கிறதா என்றால், கிடைத்திருக்கிறது, ஆனால் ஓய்வு மட்டும் தரையை உயர்த்தாது. மேலிருந்து மணல் வந்தால்தான் உயரும். மேட்டூரில் படிந்திருப்பதை எடுத்துக் கட்டடத்துக்குக் கொடுக்கலாம் என்பார்கள். அதில் ஒரு பங்கை அணைக்குக் கீழே ஆற்றில் விட்டு வெள்ளத்தோடு இறங்கவிடலாம் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஜப்பானில் சில அணைகளுக்குக் கீழே அப்படிச் செய்கிறார்கள்.

அதற்கு முன்னால் எளிய காரியம் ஒன்று இருக்கிறது. கரிச் சுரங்கத்தின் மேலே தரையில் குத்துக்கற்களை நட்டு, அவை எவ்வளவு இறங்குகின்றன என்று தொடர்ந்து மட்டம் பார்க்கிறார்கள். அந்த இறக்கத்தின் எண் ஏறும்போது கீழே வேலையை நிறுத்துகிறார்கள். கொள்ளிடத்திலும் காவிரியிலும் நமக்குப் பாலத் தூண்களே குத்துக்கற்கள். டோல்கேட் பாலம், ரயில் பாலம், 1976ல் கட்டிய ஸ்ரீரங்கம் காவிரிப் பாலம், முக்கொம்பு, கல்லணை என்று ஐந்து இடம் போதும். ஒவ்வொரு கோடையிலும் ஆறு வற்றியிருக்கும்போது, தூணில் மணல் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அளந்து, அந்த ஆண்டைப் போட்டு ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். சென்ற ஆண்டுக் கோடு மேலே இருக்கட்டும், அழிக்க வேண்டாம். அடுத்த குவாரிக்கு அனுமதி கேட்டு மாவட்ட அலுவலகத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும்போது, கொண்டையம்பேட்டையிலிருந்தோ தாளக்குடியிலிருந்தோ வருகிற விவசாயியின் கையில் அப்போது காட்ட ஒரு எண் இருக்கும்.